மோட்டார் போடாத தண்ணி

அம்மா இதுவரை என்னிடம் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். வேலைக்குப் போன பிறகு புடவை, மிக்சி, சுவரில் மாட்டும் ஃபேன் என்று நானாகத்தான் வாங்கி வந்து வைத்தேன். புடவை மடிப்புக் கலையாமல் பீரோவுக்குள் போனது. மிக்சி துண்டு போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் சொன்னது ஒரே வார்த்தை: "இன்னாத்துக்குடா இதெல்லாம்."

அவள் கேட்டது அருவியை.

கண்டாச்சிபுரத்தில் கட்டிக்கொடுத்த என் அக்கா, ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது தன் போனில் ஒரு வீடியோ காட்டினாள். அவளுடைய மகளிர் குழுவில் எல்லாரும் வேன் பிடித்து ஏதோ ஒரு அருவிக்குப் போயிருக்கிறார்கள். பத்துப் பதினைந்து பெண்கள் வெள்ளையாய்க் கொட்டும் தண்ணீருக்கடியில் நின்று கூச்சல் போடுகிறார்கள். அம்மா கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தாள்.

"மேல யாரு மோட்டார் போடறாங்க?" என்றாள்.

அக்கா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. "ம்மா, அது மலைம்மா. தானா உழுவுது."

அம்மாவும் சிரித்தாள். ஆனால் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "இன்னொரு தபா போடு" என்றாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு யாரைப் பார்த்தும் சொல்லாமல், சல்லடையைப் பார்த்துச் சொன்னாள்: "அத ஒரு தபா நேர்ல பாக்கணும்."

எங்கள் ஊர் கிளியனூரைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. அம்மா களை எடுக்கப் போவாள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை பிடுங்கப் போவாள், நடவுக்குப் போவாள். வீட்டுக்குப் பின்னால் ஓலைத் தடுப்புக்குள் குடத்துத் தண்ணீரில் உடம்புக்கு ஊற்றிக்கொள்வதோடு சரி. தலைக்குக் குளிப்பதென்றால் பக்கத்து நிலத்துப் பம்புசெட்டுதான். நிலத்துக்காரர் நல்ல மனிதர், யாரையும் விரட்ட மாட்டார். ஆனால் மும்முனை மின்சாரம் யார் பேச்சையும் கேட்பதில்லை. மோட்டார் சத்தம் கேட்டதும் தெருப் பெண்கள் எல்லாரும் மாற்றுத்துணியையும் சோப்பு டப்பாவையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சீயக்காய் தேய்த்து முடிப்பதற்குள் குழாய் இருமும். அப்புறம் நின்றுவிடும். மின்சாரம் இருந்தாலும், நெல்லுக்குத் தண்ணீர் பாய்கிற நாளில் வாய்க்காலைத் திருப்பிவிடுவார்கள். பாதி நுரையோடு அம்மா ஓடிவந்து, "ஜல்தியா ஊத்துடா, கண்ணு எரியுது" என்று குனிந்து நிற்க, நான் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றியது நினைவிருக்கிறது. அவளுடைய ஐம்பது சொச்சம் வயதில், யாரோ போட்டு யாரோ நிறுத்தாத தண்ணீரில் அவள் ஒருநாளும் நின்றதில்லை. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மோட்டாரைப் பற்றி அவள் கேட்டதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். விழுப்புரத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒருநாள் மின்வெட்டு ஆகி, ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. அப்போதுதான் சட்டென்று உறைத்தது.

அருவிக்குப் போகலாம் என்று சொன்னால் வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும். சும்மா ஊர் சுற்றுவதற்குக் கார் வைப்பதா என்பாள். அதனால் கோயில்களைச் சேர்த்தேன். காலையில் மயிலம் முருகன், அங்கிருந்து விழுப்புரம் வழியாகக் கண்டாச்சிபுரம் போய் அக்காவை ஏற்றிக்கொண்டு திருக்கோயிலூர் பெருமாள், பிறகு கல்வராயன் மலை, அருவி. மத்தியானம் கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள், அருவியைச் சாத்த முடியாது, ஆகவே கோயில் முன்னால் அருவி பின்னால். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருவன்தான். கோயில் நேரம், ரோடு, கிலோமீட்டர் எல்லாவற்றையும் போனில் பார்த்துப் பொருத்தி வைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதல்நாள் சாயங்காலம் அம்மா புளியைக் கரைத்துக்கொண்டே கேட்டாள்: "மொதல்ல ஃபால்ஸா, கோயிலா?"

"மொதல்ல சாமிதாம்மா. அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றேன், அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து.

"ம்" என்றாள். புளித்தண்ணீரை வடிகட்டப் போய்விட்டாள்.

கார் திண்டிவனத்திலிருந்து விடியும்போதே வந்துவிட்டது. டிரைவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. முன்கண்ணாடிக்குக் கீழே மாதா சிலை, அதன் காலடியில் சின்னதாய் ஒரு நீல பல்பு. அம்மா ஏறி உட்கார்ந்ததும் மாதாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எந்த சாமியா இருந்தா இன்னா தம்பி. வண்டி ஓட்றது அவுங்கதானே."

"ஓட்றது நான்தாங்கம்மா" என்றார் டிரைவர். "அவுங்க பாத்துக்கினு மட்டும் வர்றாங்க."

அப்பா முன்சீட்டில் ஏறினார். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் வேகவைத்த மல்லாட்டைப் பை. அப்பாவுக்குச் சவுக்கு வெட்டும் வேலை. வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றி, கட்டின லோடுக்கு மேலேயே படுத்துக்கொண்டு எத்தனையோ ஊருக்குப் போய் வந்தவர். காரில் ஒருநாள் முழுக்கப் போவது அவருக்கு இதுதான் முதல்முறை. ஆனால் ரோடெல்லாம் தெரியும் என்பதை டிரைவருக்குத் தெரிவித்துக்கொண்டே வந்தார்.

"இங்க ஒரு வேப்பமரம் இருக்கும் பாருங்க, கெளை தாழ்வா நீட்டிக்கினு இருக்கும். தலைய குனிஞ்சிக்கணும்."

"கார்ல குனிய வேணாங்கய்யா."

"அது சரி. இருந்தாலும் சொல்றேன்."

மயிலத்தில் கூட்டமில்லை. எனக்கு மொட்டை அடித்துக் காது குத்திய கோயில். அம்மா உள்ளே போனால் ஒரே நிமிஷத்தில் வெளியே வருகிறவள். அன்றைக்குக் கண்ணை மூடி உதடு அசைய நெடுநேரம் நின்றாள். வெளியே வந்து விபூதியை என் நெற்றியில் அழுத்திப் பூசி, மிச்சத்தைக் கண்ணில் விழாமல் ஊதிவிட்டாள். பிறகு ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து, பிரசாதப் பையில் வைத்துக்கொண்டாள்.

"எம்மாந் நேரம்மா. அப்பிடி இன்னா கேட்ட?"

"உனக்கு இன்னா அது. வண்டில ஏறு."

கண்டாச்சிபுரம் கடைத்தெருவில் அக்கா வயர்கூடையோடு நின்றாள். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, இரண்டு நாள் தாய்வீட்டில் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லி அனுமதி வாங்கியிருந்தாள். ஏறி உட்காரும் முன்பே கூடையைத் திறந்து காட்டினாள். இரண்டு நைட்டி.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. ஃபால்ஸ்ல பொடவையோட நின்னா காலத் தட்டி உட்டுரும்."

"அய்ய. ஊர் பாக்க நைட்டி போட்டுக்கினு நிப்பேனா நானு."

"ஊரே நைட்டிதாம்மா போட்டுக்கினு நிக்கிது."

திருக்கோயிலூரில் பெருமாள் ஒரு காலைத் தூக்கி உலகத்தை அளந்தபடி நிற்கிறார், ஆள் உயரத்துக்கெல்லாம் மேலே. தீபத்தை உயர்த்திக் காட்டக் காட்ட அம்மாவின் கழுத்து பின்னால் சாய்ந்துகொண்டே போனது. வெளியே பிரகாரத்தில் உட்கார்ந்ததும் கவலையோடு சொன்னாள்: "எத்தினி காலமா ஒத்தக் கால்ல நிக்கிறாரு. வலிக்காது?"

"நீ களை எடுக்கற எடத்துல காலையில இருந்து குனிஞ்சிக்கினு நிக்கலியா?" என்றார் அப்பா. "அந்த மாதிரி தான். வேலன்னு வந்துட்டா நிக்கணும்."

"சாமிய போயி என்கூட சேக்கற."

"உன்ன சாமிகூட சேத்தேன்டி."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா என்னை இடித்தாள். அம்மாவின் காது மடல் வரைக்கும் சிரிப்பு போயிருந்தது.

சங்கராபுரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டோம். புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல். டிரைவர் தன் டிபன் டப்பாவை எடுத்தபோது அம்மா அதைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு இலையைப் போட்டாள். மலையேற ஆரம்பித்ததும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியவள், ஒவ்வொரு வளைவிலும் "முருகா" என்றாள். வளைவுகள் முடிந்து மேலே சமதரையாக, சாமை வயலும் பலாமரமுமாக வந்தபோதுதான் கண்ணைத் திறந்தாள். காற்று வேறு மாதிரி இருந்தது. கொஞ்ச தூரத்தில் டிரைவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "கேக்குதா?" என்றார்.

கேட்டது. தூரத்தில் பெரிய மோட்டார் ஒன்று ஓடுவது போலத்தான் இருந்தது.

பாறைகளுக்கு நடுவே, பக்கத்தில் போனாலே முகத்தில் சாரல் அடிக்கிற அருவி. பெரியது என்று சொல்ல முடியாது. ஆனால் மழை பெய்து ஓய்ந்த வாரம், தண்ணீர் நன்றாகவே விழுந்தது. அக்கா காரிலேயே நைட்டி மாற்றிக்கொண்டு முதல் ஆளாக ஓடினாள். அப்பா சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, நடவு வயலில் இறங்குகிற மாதிரி நிதானமாக இறங்கினார்.

அம்மா வரவில்லை. சற்றுத் தள்ளி ஒரு காய்ந்த பாறையில், பிரசாதப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால்களைக்கூட மேலே இழுத்து வைத்திருந்தாள். கண் மட்டும் தண்ணீரை விட்டு நகரவில்லை.

"வாம்மா" என்றேன்.

"நீ போ. நான் பாத்துக்கினு உக்காந்திருக்கேன்."

பயம் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். வெட்கமோ என்று நினைத்தேன். புடவையோடே நிற்கலாம், அங்கே பார் நாலு பேர் புடவையில்தான் நிற்கிறார்கள் என்றேன். அதற்கும் தலையை ஆட்டினாள்.

"இன்னாதான்மா உனக்கு? இதுக்குத்தானே வந்தது."

"டேய், சாமி பாத்துட்டு வந்து யாராவது தலைக்கு ஊத்திக்குவாங்களா? எழவு வூட்டுக்குப் போய் வந்தாதான் வந்ததும் குளிக்கறது. கோயிலுக்குப் போனா அப்பிடியே வந்து வூட்ல உக்காரணும். காலக்கூடக் கழுவக் கூடாது."

இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு முறை கோயிலுக்குப் போய் வரும்போதும் வாசலில் நான் கால் கழுவப் போனால் அவள் என் கையிலிருந்து சொம்பைப் பிடுங்குவாள். கோயில் நேரத்தையெல்லாம் பார்த்த எனக்கு, என் வீட்டு வாசல் மட்டும் மறந்துபோயிருந்தது.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல? ஃபால்ஸ மொதல்ல வச்சிருப்பேன்."

"நீ போன்ல எல்லாத்தையும் பாத்துப் பாத்து வச்சிருக்க. நான் ஒண்ணு சொல்லப் போயி நீ திரும்ப எல்லாத்தையும் மாத்தி, பேஜாரு. உட்டுட்டேன்."

அப்புறம் நான் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். சாமி இதையெல்லாம் கணக்கு வைத்துக்கொள்ளாது என்றேன். "நான் வைப்பேன்" என்றாள். இது குழாய்த் தண்ணீர் இல்லை, மலைத் தண்ணீர், கங்கை மாதிரி என்றேன். "கங்கையில குளிச்சிட்டு சாமி கும்பிடுவாங்களா, கும்பிட்டுட்டுப் போயி குளிப்பாங்களா?" என்றாள். அப்பா குளிக்கிறாரே என்றேன்.

"உங்க அப்பா எழவு வூட்டுக்குப் போய் வந்தாலே குளிக்க மாட்டாரு. அவர கணக்குல சேக்காத."

கடைசியில் எனக்குக் கோபம் மாதிரி ஒன்று வந்துவிட்டது. கோபமில்லை, அழுகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்று. "இத்தினி தூரம் வந்துட்டு, ரெண்டு நிமிஷம் நனைஞ்சா இன்னாம்மா போய்டும்?"

அவள் மடியிலிருந்த பையைத் தொட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "உனக்காக வேண்டிக்கினு வந்திருக்கேன்டா மயிலத்துல. இந்த வருசம் உனக்கு ஒரு நல்லது நடக்கணும்னு. அத தண்ணில உடச் சொல்றியா?"

நானும் பாறையில் உட்கார்ந்தேன். எனக்கும் குளிக்கத் தோன்றவில்லை. அக்கா அங்கிருந்து கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நனைந்தபடியே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளும் அந்த வாசலில் வளர்ந்தவள்தானே. மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து, காசு கொடுத்துச் சினிமா பார்க்கிறவர்களைப் போல அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாரல் காற்றில் திரும்பி எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். காற்று போனதும் எடுத்தாள். மறுபடி மூடினாள்.

டிரைவர் கடையிலிருந்து டீ வாங்கிக்கொண்டு வந்தார். "இன்னாங்கம்மா, ஃபால்ஸ் ரெடியா இருக்குது, நீங்க உக்காந்துக்கினு இருக்கீங்க?"

அக்கா சொன்னாள். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே யோசித்தார்.

"எங்கள்ல இந்தத் தொந்தரவு இல்லீங்கம்மா. எங்களுக்கு மொதல்ல தலையில தண்ணி ஊத்திதான் கோயில்லயே சேத்துக்குவாங்க. மொதல்ல தண்ணி, அப்புறம்தான் கோயிலு."

"எங்களுக்கும் அப்பிடித்தான் தம்பி" என்றாள் அம்மா. "குளிச்சிட்டுதான் கோயிலுக்குப் போவோம். குளிக்காம யாரு போவா?"

சொல்லிவிட்டு டீயை வாய்க்குக் கொண்டு போனவள், பாதியில் நிறுத்தினாள். அருவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டம்ளரைப் பாறைமேல் வைத்தாள்.

"தம்பி, நாம திரும்பிப் போற வழியில கோயில் எதனா இருக்குதா? பெரிய கோயிலா?"

"ஏங்கம்மா?"

"இருந்தா, இந்தக் குளியல் அந்தக் கோயிலுக்குக் குளிக்கறதா ஆயிடும்ல. காலைல பாத்த சாமிக்கு அப்புறம் குளிக்கறதா ஆவாது. அடுத்த சாமிக்கு முன்னாடி குளிக்கறதா ஆவும்."

நான் டிரைவரின் வாயையே பார்த்தேன்.

"திருவெண்ணெய்நல்லூர்ல சிவன் கோயில் இருக்குதுங்க. பழைய கோயிலு. திருக்கோயிலூர்ல இருந்து அந்த ரோட்ட புடிச்சா விழுப்புரம் போய்டலாம், ஒண்ணும் பெரிய சுத்து இல்ல. ஆனா ராத்திரி நடை சாத்தறதுக்குள்ள போவணும். சாத்திட்டாங்கன்னா நான் பொறுப்பில்ல."

"போய்டலாமா?"

"குளிச்சிட்டு ஜல்தியா வந்தீங்கன்னா போய்டலாம்."

"அய்ய" என்றாள் அம்மா. "இங்கயும் ஜல்தியா?"

எழுந்துவிட்டாள். பிரசாதப் பையை என்னிடம் கொடுத்து, "நனையாம வச்சிக்க. நீ தண்ணிகிட்ட வராத" என்றாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு துண்டு மஞ்சளை எடுத்தாள். குளிக்கும்போது முகத்தில் உரசிக்கொள்கிற மஞ்சள். வீட்டிலிருந்தே முடிந்து கொண்டுவந்திருக்கிறாள்.

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "அடிப்பாவி. மஞ்சளக் கட்டிக்கினு வந்துட்டுதான் வரமாட்டேன் வரமாட்டேன்னு உக்காந்துக்கினு இருந்தியா?"

"இருந்தா இருக்கட்டும்னு எடுத்தாந்தேன். வா, கையப் புடி."

புடவையோடேதான் போனாள். ஈரப் பாறையில் மஞ்சளை உரசி முகத்தில் பூசிக்கொண்டு, அக்காவின் தோளைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக வைத்து. தண்ணீருக்குக் கிட்டே போனதும் நின்று குனிந்து, முதலில் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அங்கே நின்ற பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். தலையை உள்ளே விட்டதும் ஒரு கணம் வெளியே இழுத்துக்கொண்டாள், மூச்சு முட்டியிருக்க வேண்டும். மறுபடி விட்டாள். அப்புறம் எடுக்கவில்லை.

பம்புசெட்டில் குளிக்கும் அம்மாவை எனக்குத் தெரியும். முதுகை வளைத்து, தோளைக் குறுக்கி, கையிரண்டும் தலையில் பரபரவென்று ஓட, காது மட்டும் மோட்டார் சத்தத்தில் இருக்கும். இங்கேயும் முதலில் அப்படித்தான் தேய்த்தாள், அவசர அவசரமாக. பிறகு கைகள் மெதுவாயின. பிறகு கீழே இறங்கிவிட்டன. தோள் நிமிர்ந்தது. கொண்டை அவிழ்ந்து முதுகெல்லாம் ஒட்டியிருந்தது. எதுவும் செய்யாமல் சும்மா நின்றாள். முகத்தை மேலே தூக்கி, கண்ணை இறுக்கி மூடி, திருக்கோயிலூரில் பெருமாளை அண்ணாந்து பார்த்தாளே, அதே மாதிரி.

அப்பா கரையேறித் துண்டால் துவட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயில் கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்: "போதும் வாடி. கரெண்டு போய்டப் போவுது."

தண்ணீர் சத்தத்திலும் அது அவள் காதில் விழுந்துவிட்டது. கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "எவன் வந்து நிறுத்தறான்னு பாக்கறேன்" என்று திரும்பக் கத்தினாள். பக்கத்தில் நின்ற பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா அவர்களுக்கு விளக்க ஆரம்பித்து, சிரிப்பில் அதை முடிக்காமல் விட்டாள்.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பாறைமேல் வெயில் மஞ்சளாகியிருந்தது. நான் டிரைவரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட வாயெடுத்தேன்.

"இருக்கட்டும் உடு தம்பி" என்றார். "நான் ஓட்டிக்கிறேன்."

அவளாக வந்தபோது விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது, உதடு நடுங்கியது. "குளிருதா?" என்றேன். "குளுரட்டும்" என்றாள். அக்கா துண்டைப் பிடிக்கக் காருக்குள் புடவை மாற்றிக்கொண்டாள். தலையைத் துவட்டச் சொன்னேன். லேசாக ஒற்றிவிட்டு, தலையை விரித்தபடியே ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். மலை இறங்கும்போது எலுமிச்சம்பழத்தைத் தேடவே இல்லை.

டிரைவர் சொன்னபடி ஓட்டினார். திருக்கோயிலூர் வரைக்கும் கவலையில்லை. அதற்கப்புறம் திருவெண்ணெய்நல்லூர் ரோட்டில், நன்றாக இருட்டிய பிறகு, முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். லோடு இரண்டு பக்கமும் பிதுங்கி ரோட்டை அடைத்துக்கொண்டு, நடந்து போகிறவனைவிட மெதுவாகப் போனது. ஹாரன் அடித்தால் டிராக்டர் ஓட்டுகிறவருக்குக் கேட்கவில்லை. அங்கே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எதிரே வண்டிகள் வந்தபடி இருந்ததால் முந்தவும் முடியவில்லை. அம்மா ஈரத்தலையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கோயில் சாத்திவிட்டால் அது வெறும் குளியலாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"நீ பயப்படாத" என்றேன்.

"நானா? நான் எதுக்கு பயப்படறேன்" என்றாள், தலையை விடாமல்.

அப்பா கண்ணாடியை இறக்கினார். உடம்பை இடுப்புவரைக்கும் வெளியே நீட்டி, லோடு லாரிக்கே உரிய குரலில் கத்தினார்: "யப்பா, கரும்பு. கொஞ்சம் ஒதுங்குப்பா. சாமி தூங்கிடப் போவுது."

மேலே கரும்புக் கட்டில் படுத்திருந்த ஆள் எழுந்து பார்த்தார். அப்பா கையால் ஏதோ ஜாடை காட்டினார். லாரி மேலே போகிறவர்களுக்குள் அப்படி ஒரு பாஷை இருக்கிறது போல. அந்த ஆள் முன்னால் குனிந்து ஒரு கரும்பால் ஓட்டுகிறவரைத் தட்டினார். டிராக்டர் மண்ணில் இறங்கி வழிவிட்டது. கடக்கும்போது மேலே இருந்தவர் அப்பாவுக்குக் கையைத் தூக்கிக் காட்டினார், அப்பாவும் தூக்கினார். "தெரிஞ்சவராப்பா?" என்றேன். "மேல படுத்துக்கினு போறவன் எவனா இருந்தாலும் நம்ம ஆளு" என்றார்.

கோயில் திறந்திருந்தது. உள்ளே கடைசிப் பூசைக்கு மணியடிக்கும் சத்தம் வாசலுக்கே கேட்டது. அம்மா செருப்பை எங்கே கழற்றினாள் என்றுகூடத் தெரியாது, போய்விட்டாள். நாங்கள் உள்ளே போனபோது கருவறைக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். முடி நுனி இன்னும் காயாமல், முதுகில் ரவிக்கை சின்ன வட்டமாகக் கறுத்திருந்தது. தீபம் காட்டினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டிரைவர் வெளியே வாசல்படிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மயிலத்தில் நின்ற அளவுக்கு இங்கே நிற்கவில்லை. சீக்கிரமே வந்துவிட்டாள்.

"இங்க இன்னா வேண்டிக்கின?" என்றேன்.

"இங்க எதுக்கு வேண்டறது. வேண்டறத எல்லாம் அங்கயே வேண்டியாச்சி. குளிச்சிட்டு வந்துட்டேன், பாத்துக்கன்னு சொன்னேன்" என்றவள், திரும்பி டிரைவருக்கும் விபூதியை நீட்டினாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு எடுத்து, மாதா காலடியில் வைத்துக்கொள்வதாகச் சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

விழுப்புரம் தாண்டியதும் அக்கா தூங்கிப்போனாள், அப்பாவும். அம்மா தூங்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் நான் பழக்கத்தில் சொம்பை எடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் அப்படியே வைத்துவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு விடுமுறை சொல்லியிருந்ததால் வீட்டில் இருந்தேன். வெயில் ஏறும் நேரத்தில் பம்புசெட்டிலிருந்து மோட்டார் சத்தம் வந்தது. தெருவில் வாளிகளும் காலடிகளும் ஓடின. எதிர்வீட்டு அத்தை மாற்றுத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கூப்பிட்டாள்: "வரலியா? கரெண்டு வந்துடிச்சி. அப்புறம் நின்னுட்டா நான் கேரண்டி இல்ல."

அம்மா வாசல்படியில் உட்கார்ந்து, காய்ந்து சிடுக்கு விழுந்திருந்த தலையை விரலால் மெல்லக் கோதிக்கொண்டிருந்தாள். சீப்புகூட எடுக்கவில்லை. முடி நுனியை முகத்துக்குக் கொண்டுவந்து முகர்ந்து பார்த்தாள்.

"நீ போ" என்றாள். "நேத்து கோயிலுக்குப் போய்ட்டு வந்திருக்கேன். இன்னிக்கி தலைக்கு ஊத்திக்கக் கூடாது."

"அது நேத்தோட முடிஞ்சிது. இன்னிக்கி ஊத்திக்கலாமே?"

"மூணு கோயிலு" என்றாள் அம்மா.

உள்ளே கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்த அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். வெளியே மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.